வலித்தால்தான் வைத்தியமா?

ரொறன்ரோ மாநகரின் கிழக்கே ஸ்காபறோவிலும், அதற்கு வடக்கே மார்க்கத்திலும் வாழும் நம்மவர்களிடையே, உடம்பு நோவுக்கும் மனக்களைப்புக்கும் கையால் செய்யப்படும் சிகிச்சையைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வேரூன்றிப் போயிருக்கிறது. தடவுகிறவர் பலங்கொண்ட மட்டும் அழுத்த வேண்டும்; அழுத்தும்போது நோக வேண்டும்; நொந்தால்தான் உள்ளே இருக்கும் பிடிப்பு விடும்; மறுநாள் காலையில் அடித்துப் போட்டாற்போல் உடம்பு கிடந்தால் அதுவே சிகிச்சை பலித்ததற்கு அத்தாட்சி; மெல்லத் தொட்டு, நிதானமாக நீவி, தோளையோ தலையையோ சற்று நேரம் ஆதரவாகத் தாங்கிப் பிடிக்கின்ற கை வெறும் சுகபோகத்துக்கு உரியது, காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்பதே அந்த அபிப்பிராயத்தின் சாரம். "நல்லா அமத்தி விடுங்கோ" என்று கட்டிலில் குப்புறப் படுத்த உடனேயே கேட்பவர்களும், "நோகாட்டி என்னத்துக்கு இந்தக் காசு?" என்று வீட்டுக்கு வந்து குறைப்படுபவர்களும் இந்த நகரத்தில் அநேகர்.

படித்தவர்களிடையே இதே அபிப்பிராயம் வேறு உடை தரித்து உலவுகிறது. மென்மையான ஸ்பரிசத்தால் நரம்பு மண்டலத்துக்கு நன்மை உண்டு என்று சொன்னால் அவர்கள் புன்னகை செய்கிறார்கள். அது மனத்தின் மயக்கம், நம்பினவர்க்குப் பலிக்கும், நம்பாதவர்க்குப் பலிக்காது, ஆகையால் அதை வைத்தியத்தோடு சேர்த்து எண்ணலாகாது என்கிறார்கள். தொழிலாளியின் வாதமும் கல்விமானின் வாதமும் தோற்றத்தில் வெவ்வேறாகத் தென்பட்டாலும் அடியில் ஒரே நம்பிக்கையின் மீதே நிற்கின்றன: சரீரத்தை மாற்றுவதற்குப் பலாத்காரம் வேண்டும், மென்மை சரீரத்தை எட்டாது என்பதே அது. அந்த நம்பிக்கை சரீர சாஸ்திரத்துக்குப் பொருந்தாதது, நம்முடைய வைத்திய சம்பிரதாயத்துக்கும் பொருந்தாதது, எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த நம் ஜனங்கள் எவற்றையெல்லாம் கடந்து வந்தார்களோ அவற்றுக்குச் சற்றும் பொருந்தாதது என்பதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இந்த அபிப்பிராயம் எங்கே பிறந்தது என்பதை அனுதாபத்தோடு நோக்காமல் அதை மறுக்கப் புகுவது நியாயமாகாது. தொழிற்சாலையிலே இரவு முழுதும் நின்றபடி பெட்டி அடுக்கியவரும், உணவகத்தின் பின்கட்டில் நடுச்சாமம் தாண்டியும் பாத்திரம் கழுவியவரும், பனிக்காலத்து நெடுஞ்சாலையில் பாரவூர்தி ஓட்டியவரும், தமக்குக் கிடைக்கின்ற ஒரு மணி நேரத்துக்கு முழுப் பயனும் வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. ஒன்ராறியோ அரசாங்கத்தின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் மசாஜ் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பதில்லை. வேலைத்தலத்துக் காப்புறுதி உடையவர்களுக்கும் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு உண்டு. அதுவும் இல்லாதவர்கள் கைப்பணத்தைத்தான் எடுக்க வேண்டும். அவ்வாறு கஷ்டப்பட்டுத் தேடிய பணத்துக்குக் கடினமான அழுத்தமே ஈடு என்று மனம் கணக்குப் போடுகிறது. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை மாட்டுக்கு மட்டுமல்லாமல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் பிரயோகித்த ஒரு சமூகம், கடைசியில் அதைத் தன் தோள்மூட்டுக்கும் பிரயோகிக்கத் தலைப்பட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தக் கட்டிலில் நடப்பதைக் கிட்ட நின்று கவனிப்போமாக. தடவுகிறவர் முழங்கையை ஊன்றித் தோட்பட்டையின் மேல் தம் பாரத்தை இறக்கிய மாத்திரத்தில், படுத்திருப்பவரின் தோள் காதை நோக்கி ஏறுகிறது. விரல்கள் விரிப்பின் ஓரத்தைப் பற்றுகின்றன. கால் பெருவிரல் உள்ளே மடங்குகிறது. பல் பல்லைக் கடிக்கிறது. மூச்சு நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. வாய் மட்டும், "பரவாயில்லை, இன்னும் அமத்துங்கோ" என்கிறது. எந்தத் தசை தளர வேண்டும் என்று அவர் பணம் கொடுத்திருக்கிறாரோ அந்தத் தசையே தன்னைக் காத்துக்கொள்வதற்காக இறுகுகிறது. ஆபத்து வந்துவிட்டது என்ற செய்தியைப் பெற்ற நரம்பு மண்டலம் இருதயத்தை விரைவாக ஓட்டி, வியர்வையைச் சுரக்கச் செய்து, ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ சரீரத்தை ஆயத்தம் செய்கிறது. மன இறுக்கத்தைத் தீர்க்கப் போன இடத்தில் மன இறுக்கத்தின் இலட்சணங்கள் யாவும் ஒருங்கே எழுந்து நிற்கின்றன. அந்த மனிதரின் வாய்ச்சொல்லைவிட அவருடைய தோளின் சாட்சியமே நம்பத் தக்கது.

கடும் அழுத்தத்துக்குப் பிறகு ஓர் இலேசு உண்டாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஓரிடத்தில் உண்டாகும் வலி மற்றோரிடத்து வலியை அடக்கும்படி மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு ஆணை இறங்குகிறது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1979-ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆணை வெகு நேரம் நிலைப்பதில்லை. கார் கதவைத் திறப்பதற்குள் கழுத்து பழையபடி இறுகிவிட்டதே என்று அலுத்துக்கொள்பவர்கள், தங்களுக்கு இன்னும் பலமான ஆள் தேவை என்று முடிவு செய்கிறார்களேயல்லாமல், முறையே பிழையாக இருக்கலாம் என்று சந்தேகிப்பதில்லை. வலியை அடக்குவதற்கு வலி அவசியமுமல்ல. மொன்றியலில் பிறந்து அந்நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்திலேயே நெடுங்காலம் பேராசிரியராக விளங்கிய ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வால் என்பவரோடு சேர்ந்து 1965-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, தொடுகையின் செய்தியைச் சுமந்து வரும் தடித்த நரம்பிழைகள் தண்டுவடத்தின் வாயிலை வலிக்கு அடைக்க வல்லவை. அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டனவாயினும் அதன் மையம் நிலைத்து நிற்கிறது. முழங்கால் அடிபட்ட பிள்ளை அந்த இடத்தைத் தேய்க்கிறதேயொழியக் குத்துவதில்லை. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும், எலும்பு தேய்ந்த முதியவர்களும், நீரிழிவினால் உணர்ச்சி மழுங்கிய காலை உடையவர்களும் நம் சமூகத்தில் மிகுதி. கடுமையாகப் பிசையப்பட்டதால் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைச் சென்று தாக்கிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வமானவைதாம், ஆயினும் நோவே குணம் என்று கருதுகிறவர்கள் எச்சரிக்கைக்கான நோவையும் குணமென்றே வரவேற்பார்கள் என்பதுதான் இதிலுள்ள அபாயம்.

இனி, மென்மை சரீரத்தை எட்டாது என்ற வாதத்துக்கு வருவோம். நம் தோலிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளில், தடித்த உறையுடையவை எந்த இடத்தில் என்ன பட்டது, எவ்வளவு அழுத்தமாகப் பட்டது என்ற செய்தியை மின்னல் வேகத்தில் கொண்டு போகின்றன. உறையில்லாத மெல்லிய இழைகள் வேறு சில உண்டு. அவை வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் என்ற ஆறுதலான கதியிலே செய்தி அனுப்புகின்றன. உரோமம் முளைக்கும் தோலிலே, மெல்லிய வருடலுக்கு மறுமொழி தரும் இத்தகைய இழைகள் மனிதருக்கும் உண்டு என்பதைச் சுவீடன் தேசத்து ஓக்கே வால்போவும் அவருடைய சகாக்களும் 1990-களில் நிலைநாட்டினார்கள். இவற்றின் தொழில் என்ன என்பதை அறிவதற்கு உதவியவர் கியூபெக் மாகாணத்துப் பெண்மணி ஒருவர். நோயொன்றினால் மூக்குக்குக் கீழே உடலெங்கும் தடித்த தொடு நரம்பிழைகள் முழுவதையும் இழந்துவிட்ட அவருக்கு, மெல்லிய இழைகள் மாத்திரம் எஞ்சியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டால் தம் கையில் அதிர்வுக் கருவி வைக்கப்பட்டிருப்பதைக்கூட உணர இயலாத அவருடைய முன்கையை மென்மையான தூரிகையால் நீவியபோது, எங்கே, எந்தத் திசையில் என்று தெளிவாகச் சொல்ல இயலாவிட்டாலும், ஏதோ இதமான ஒன்று நடக்கிறது என்று அவர் சொன்னார். தொடுகையின் இடத்தையும் அளவையும் அறியும் மூளைப் பகுதி அப்போது அசையவில்லை. உடலின் உள்நிலையையும் உணர்ச்சியையும் அறியும் இன்சுலா என்ற பகுதி விழித்துக்கொண்டது. ஹொக்கான் உலவ்சன் குழுவினரின் இந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது.

அதன் பிறகு நடந்த ஆய்வுகள் இன்னும் சுவையானவை. வினாடிக்கு ஒன்று முதல் பத்து சென்ரிமீற்றர் வரையான வேகத்தில் நீவும்போதே இந்த இழைகள் மிகுதியாக மறுமொழி தருகின்றன, அதைவிட வேகமாகவோ மெதுவாகவோ போனால் அவற்றின் ஆர்வம் குன்றுகிறது, அவை மிகுதியாகத் துடிக்கும் வேகமே மனிதருக்கு மிக இதமாகப் படும் வேகமும் ஆகும் என்று 2009-இல் காட்டப்பட்டது. தொடுகின்ற பொருள் நம் தோலின் இயல்பான வெப்பத்தில், அதாவது 32 பாகை சென்ரிகிறேற் அளவில் இருந்தால்தான் அவை சிறப்பாக இயங்குகின்றன என்பது 2014-இல் தெரியவந்தது. உயிருள்ள ஒரு கை அவசரமின்றித் தடவுகின்ற வேகமும் வெப்பமும் எவையோ, அவற்றையே எதிர்பார்த்து நம் தோல் படைக்கப்பட்டிருக்கிறது. மென்மை சரீரத்தை எட்டாது என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை எதைச் சொல்வது?

மனவழுத்தம் என்று இன்று உலகமெல்லாம் பேசப்படும் ஸ்ட்ரெஸ் பற்றிய கருத்தே கனடா மண்ணில் வளர்ந்ததுதான். ஹான்ஸ் செல்யே 1936-இல் மொன்றியலிலிருந்து எழுதிய சிறியதொரு கடிதத்தில், குளிர், காயம், மிகையான உழைப்பு, நஞ்சு முதலிய வெவ்வேறு இடர்களுக்கும் எலிகளின் சரீரம் ஒரே விதமான மறுமொழி தருவதை எடுத்துக்காட்டினார். இடர் எந்த உருவத்தில் வந்தாலும் சரீரம் அதை இடராகவே கணக்கில் சேர்க்கிறது என்பதை ஊன்றிப் படிப்பவர்கள், ஏற்கெனவே இடரால் நிரம்பிய ஒரு சரீரத்துக்கு வைத்தியத்தின் பேரால் இன்னோர் இடரைச் சேர்ப்பது எங்ஙனம் பரிகாரமாகும் என்பதையும் சிந்திக்க வேண்டும். அதே நகரத்திலே, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், மைக்கேல் மீனி என்பவரும் அவருடைய சகாக்களும் தாய் எலிகளைக் கவனித்தார்கள். குட்டிகளை மிகுதியாக நக்கித் தடவிய தாய்களின் குட்டிகள் வளர்ந்த பின் இடர்களுக்கு நிதானமாக மறுமொழி தந்தன. அவற்றின் இரத்தத்தில் பதற்றச் சுரப்புகள் குறைவாகவே ஏறின. குறைவாக நக்கிய தாயின் குட்டியை மிகுதியாக நக்கும் தாயிடம் மாற்றி வளர்த்தபோது, அது வளர்த்த தாயின் வழியையே பின்பற்றியது. இந்த வேறுபாடு மூளையணுக்களிலே ஒரு மரபணு இயங்கும் விதத்திலேயே பதிந்துவிடுகிறது என்று 2004-இல் அவர்கள் காட்டினார்கள். எலிக்குச் சொன்னதை மனிதருக்கு அப்படியே சொல்லிவிட முடியாதுதான். ஆயினும் ஒரு தாயின் நாக்கு எத்தனை மென்மையானது என்பதை மறவாதிருப்போம்.

எலியை விட்டு மனிதக் குழந்தையிடம் வந்தால், ரொறன்ரோவிலேயே சாட்சியம் கிடைக்கிறது. யுனிவேர்சிற்றி அவெனியூவில் உள்ள மவுண்ட் சினாய் வைத்தியசாலையில், குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தாதியரிடம் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் பார்வையாளராக ஒதுங்கி நின்ற வழக்கத்தை மருத்துவர் ஷூ லீயும் அவருடைய சகாக்களும் மாற்றினார்கள். பெற்றோரே நாளுக்கு ஆறு மணி நேரமாவது உடனிருந்து, குழந்தையை நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து, பராமரிப்பின் பெரும்பகுதியைத் தாமே செய்தார்கள். கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய தேசங்களின் 26 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இம்முறையைப் பரீட்சித்து 2018-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அக்குழந்தைகளின் நிறை கூடுதலாக ஏறிற்று, பெற்றோரின் மனவழுத்தமும் குறைந்தது. தொடுகை மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்லத் துணியேன். தாய்ப்பாலும் பயிற்சியும் உடனிருப்பும் அதிலே சேர்ந்திருக்கின்றன. எனினும் தனித்துத் தொடுகையையே பரீட்சித்தவர்களும் உண்டு. மயாமிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிஃபனி ஃபீல்ட் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு மூன்று தடவை பதினைந்து நிமிடம் வீதம் பத்து நாள் நீவிவிடப்பட்ட குறைமாதக் குழந்தைகள், நீவப்படாத குழந்தைகளைக் காட்டிலும் நூற்றுக்கு 47 வீதம் கூடுதலாக நிறை ஏறி, ஆறு நாள் முன்னதாகவே வீடு சென்றன. ஒரு கிலோவும் சில நூறு கிராமும் நிறையுள்ள அந்தச் சிசுக்களை எவரும் முழங்கையால் அழுத்தியிருக்க மாட்டார்கள்.

இங்கே எதிர்வாதிகள் ஒரு கேள்வி கேட்கலாம், கேட்பது நியாயமுமாகும். அதே ஃபீல்ட் அம்மையாரின் பிந்திய ஆய்வுகளில், மிக இலேசாகத் தொட்டபோது குழந்தைகளும் பெரியவர்களும் அமைதியடையாமல் கூச்சமும் கிளர்ச்சியும் அடைந்தார்கள், தோல் சற்றே அமுங்கும்படி நிதானமான அழுத்தம் கொடுத்தபோதுதான் வேகஸ் நரம்பின் இயக்கம் கூடி இருதயத் துடிப்பு தணிந்தது என்று காணப்பட்டதே, அப்படியானால் அழுத்தம் வேண்டும் என்ற எங்கள் கட்சிதானே வென்றது என்று அவர்கள் சொல்லலாம். வெல்லவில்லை. நான் ஆதரிக்கும் மென்மை இறகால் கூச்சம் காட்டுவதன்று. உள்ளங்கை முழுதும் படிந்து, தசையின் பாரத்தைத் தாங்கி, படுத்திருப்பவரின் மூச்சு தடைப்படாத அளவோடு நின்றுகொள்கிற கையையே மென்மையான கை என்கிறேன். மூச்சு தடைப்பட்ட கணத்திலே எல்லை கடந்துவிட்டது. இதற்கு மேற்பட்ட பலத்துக்கு அந்த ஆய்வுகளில் எந்த ஆதாரமும் இல்லை.

நம் முன்னோரின் வைத்தியமே முரட்டு வைத்தியந்தானே என்று சொல்பவர்கள் அதைச் சரியாக அறியாதவர்கள். சித்த வைத்தியத்தில் முப்பத்திரண்டு புற மருந்துகளில் ஒன்றாக வைத்து எண்ணப்படும் தொக்கணம் என்ற கைச்சிகிச்சைக்குத் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது முறைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்பதில் அழுத்தல் ஒன்றே ஒன்று. நாமோ மற்ற எட்டையும் மறந்துவிட்டு அந்த ஒன்றையே முழுச் சாஸ்திரமாக்கிக்கொண்டோம். கன்னியாகுமரிப் பகுதியின் வர்ம ஆசான்களோ இன்னும் நுட்பமானவர்கள். சரீரத்தின் 108 வர்மங்களையும் அறிந்து, ஒரு விரல் எங்கே பட்டால் மனிதன் விழுவான் என்று தெரிந்துவைத்திருந்த அவர்கள், இளக்கும் முறைகளில் விரலின் பலத்தைக் கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை என்று பின்னமாக வகுத்து அளந்தார்கள். பலத்தின் விளைவை முற்றாக அறிந்தவர்களே அதைக் கால் பங்காகக் குறைக்கவும் கற்றார்கள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைப்பேற்று வீடுகளில் நடந்ததை நினைவுகூர இன்னும் பலர் உயிரோடிருக்கிறார்கள். ஆச்சி கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கெண்டைக்கால்களின் மேல் கிடத்தி, எண்ணெயை முதலில் தன் உள்ளங்கைகளில் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து விரல் நுனிக்கும் ஒரே ஓட்டமாக உருவுவாள்; குழந்தை முகம் சுளித்தால் கையை எடுக்காமல் அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு, அது அடங்கிய பிறகே தொடர்வாள். 32 பாகை வெப்பத்தைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பிரெடெரிக் லெபோயே என்ற பிரெஞ்சுப் பிரசவ மருத்துவர், கல்கத்தாவின் தெருவோரத்தில் சாந்தலா என்ற ஏழைத் தாயொருத்தி தன் குழந்தையை நீவுவதைக் கண்டு மலைத்துப் போய், அவள் பெயராலேயே 1976-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் தாய்மார் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். நம்மிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட பண்டத்தை நாமே இன்று சுகபோகம் என்று தள்ளிவைக்கிறோம்.

இப்போது சொல்லப்போவதே என் வாதத்தின் மையம். 1983-இல் இலங்கையில் யுத்தம் மூண்ட பின் ரொறன்ரோவுக்கு வந்த நம்மவர்கள் வெறுமனே உழைத்துக் களைத்த உடம்புகளோடு வந்தவர்களல்லர். காவல் முகாம்களில் உள்ளங்காலில் பொல்லால் அடிக்கப்பட்டவர்களும், தலைகீழாகத் தொங்கவிடப்பட்டவர்களும், பதுங்கு குழிக்குள் பிள்ளையை மார்போடு இறுக்கிப் பிடித்தபடி ஷெல் விழும் ஓசைக்காகக் காத்திருந்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அந்தச் சரீரங்களுக்குப் பலவந்தமான கை ஒரு புதிய அனுபவமன்று. அதை நன்றாகவே அவை அறியும். பின்னாலிருந்து, முன்னறிவிப்பின்றி, முகம் கீழே அமிழ்ந்திருக்கையில் முதுகின் மேல் இறங்கும் பாரம் அத்தகைய ஒருவருக்கு எதை மீட்டுத் தரும் என்பதை ஊகிக்கப் பெரிய கல்வி வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் யுத்தத்தின் நடுவே உளநோய் வைத்தியம் செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், மனவடுப்பட்டவர்களுக்காக நம் மரபிலிருந்து எடுத்தாண்டவை மூச்சுப் பயிற்சி, மந்திர உச்சாடனம், சாந்தியாசனம் போன்ற தளர்வு முறைகள். பலாத்காரத்தின் சாயல்கூட அவற்றில் இல்லை. ரொறன்ரோத் தமிழரின் உளநலத்தை மோர்ட்டன் பைசரும் சகாக்களும் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டபோது, அத்தகைய துயரைச் சுமப்பவர்களில் மிகச் சிலரே உளநல உதவியை நாடினார்கள் என்பது தெரியவந்தது. மனத்தின் கதையைச் சொல்லத் தயங்குகிறவர்கள் நாரி உளைவையும் தலையிடியையும் தோள் நோவையும் சொல்லத் தயங்குவதில்லை. ஆகையால் உளவளத் துணையாளரின் கதவைத் தட்டாதவர் மசாஜ் நிலையத்தின் கதவைத் தட்டுகிறார். அங்கே அவரைச் சந்திக்கும் முதற் கை எப்படிப்பட்டது என்பது அற்ப விஷயமன்று.

அந்தக் கை முதலில் கேட்க வேண்டும். ஒன்ராறியோவில் பதிவு பெற்ற மசாஜ் சிகிச்சையாளர், செய்யப்போவது என்ன என்று சொல்லிச் சம்மதம் பெறவும், மார்பு, பிட்டம், உட்தொடை போன்ற இடங்களுக்கு எழுத்திலேயே சம்மதம் பெறவும், எந்நேரத்திலும் நிறுத்தச் சொன்னால் நிறுத்தவும் கடமைப்பட்டவர். பலர் அந்தப் படிவத்தை வாசியாமலே கையொப்பம் இடுகிறார்கள். சித்திரவதைப்பட்ட ஒருவருக்கோ, "இங்கே தொடலாமா?" என்ற கேள்வியும், "வேண்டாம்" என்று சொன்னால் மெய்யாகவே விலகிக்கொள்ளும் கையும் சிகிச்சையின் பாதி. பலமாக அமத்தினால்தான் குணம் என்ற நம்பிக்கை அந்த "வேண்டாம்" என்ற சொல்லைத் தொண்டையிலேயே அடைத்துவிடுகிறது. பொறுத்துக்கொள்வதே கெட்டித்தனம் என்று அது மறுபடியும் அவருக்குப் போதிக்கிறது. பொறுத்துக்கொள்வதை அவர் வேண்டிய மட்டும் கற்றாயிற்று.

படித்த சந்தேகவாதிகளுக்கு நான் சொல்ல வேண்டிய மறுமொழி இன்னும் பாக்கியிருக்கிறது. மென்மையான கைச்சிகிச்சையின் பெயரால் அதீதமான உரிமைகள் கொண்டாடப்படுகின்றன என்ற அவர்களுடைய குற்றச்சாட்டை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். தலையோட்டின் எலும்புகளை விரலால் அசைத்து மூளைநீரின் தாளத்தைச் சீர்ப்படுத்துவதாகச் சொல்பவர்களும், பழைய அதிர்ச்சிகள் தொடையின் சவ்வில் உறைந்திருக்கின்றன, ஒரே அமர்வில் அவற்றைக் கரைத்துவிடலாம் என்று விளம்பரம் செய்பவர்களும் இந்நகரத்திலும் இருக்கிறார்கள்; அவற்றுக்குத் தக்க நிரூபணம் இல்லை. உடம்பைத் தொடாமலே, அதைச் சுற்றியுள்ள சக்தி மண்டலத்தைக் கையால் உணர்வதாகச் சொன்ன 21 பேரை, எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி திரைக்கு இப்பால் கைநீட்டச் சொல்லிப் பரீட்சித்தாள். அவளுடைய கை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நூற்றுக்கு 44 தடவையே அவர்களால் சரியாகச் சொல்ல முடிந்தது. நாணயத்தைச் சுண்டியிருந்தால்கூட ஐம்பது கிடைத்திருக்கும். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏடே அதை வெளியிட்டது. ஆனால் அங்கே தோற்றது தொடாத கை. தொடுகின்ற கையை அந்தத் தோல்விக்குப் பிணையாக்குவது என்ன நியாயம்?

தொடுகின்ற கையின் கணக்கு வேறு. கிறிஸ்தோபர் மொயர் முதலியோர் 37 ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஒரே ஒரு தடவை மசாஜ் செய்தாலே அப்போதைய பதற்றமும் இரத்த அழுத்தமும் இருதயத் துடிப்பும் குறைகின்றன. பல தடவைகள் தொடர்ந்து செய்தால் நீடித்த பதற்றத்திலும் மனச்சோர்விலும் ஏற்படும் நன்மை உளவியற் சிகிச்சையின் நன்மைக்கு ஏறத்தாழ ஒப்பாகிறது. அதே அறிஞர்தாம், கோட்டிசோல் என்ற சுரப்பு மசாஜினால் வெகுவாகக் குறைகிறது என்ற பரவலான கூற்றுக்கு ஆதாரம் மிகச் சொற்பம் என்று பின்னர் காட்டியவரும். நன்மையையும் சொல்லி, இல்லாத நன்மையை இல்லையென்றும் சொல்லும் இத்தகைய நாணயமான எழுத்தின் மேல் நின்றே நான் பேசுகிறேன். மென்மையான கை புற்றுநோயைத் தீர்க்காது. உடைந்த எலும்பைப் பொருத்தாது. யுத்தத்தின் நினைவை அழிக்காது. பதறுகின்ற நரம்புகளுக்குச் சில மணி நேரத்து அமைதியைத் தரும். அந்த அமைதி மீண்டும் மீண்டும் கிடைத்தால் நித்திரை வரும். நித்திரை வந்தவனுக்கு மறுநாளைத் தாங்கும் பலம் கூடும். இவ்வளவையும் செய்யும் மாத்திரை ஒன்று விற்பனைக்கு வந்தால் அதைச் சுகபோகம் என்று எவரும் அழைக்க மாட்டார்கள்.

சட்டமும் இந்தக் குழப்பத்தில் பங்கு கொண்டிருக்கிறது. 1991-ஆம் ஆண்டின் மசாஜ் சிகிச்சைச் சட்டம் இத்தொழிலை வைத்தியர், தாதியர், பிசியோதெரப்பிஸ்ட் ஆகியோரின் தொழில்களோடு ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில்களின் வரிசையில் வைத்தது. வருமான வரித் துறை, ஒன்ராறியோவிலே பதிவு பெற்ற மசாஜ் சிகிச்சையாளருக்குக் கொடுத்த பணத்தை மருத்துவச் செலவாக ஏற்றுக்கொள்கிறது. விற்பனை வரியோ பிசியோதெரப்பிஸ்டை விட்டுவிட்டு, மசாஜ் சிகிச்சையாளரின் கட்டணத்தின் மேல் மட்டும் 13 வீதத்தைச் சுமத்துகிறது. சுகாதாரம் என்று ஒரு கையால் எழுதி, சொகுசு என்று மறு கையால் வரி வாங்கும் இந்த முரண்பாடு நீங்க வேண்டும். நம் சமூகத்தின் வாக்குகளை நாடி வருகிற அரசியல்வாதிகளிடம் விசாவைப் பற்றியும் வீதியின் பெயரைப் பற்றியும் பேசுகிறவர்கள் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மென்மை வெறும் சுகபோகம் என்ற அபிப்பிராயத்தின் மிகக் கொடிய விளைவை முதியோர் இல்லங்களில் காண்கிறேன். 2020 மார்ச்சில் கொள்ளை நோயின் காரணமாக ஒன்ராறியோவின் நெடுங்காலப் பராமரிப்பு இல்லங்களின் கதவுகள் உறவினருக்கு அடைக்கப்பட்டபோது, கண்ணாடி யன்னலுக்கு இப்பால் நின்று கைகாட்டிய பிள்ளைகளுக்குத் தொடுகை என்பது என்ன என்று அப்போது தெரிந்தது. கதவு திறந்த பின் அது மறந்து போயிற்று. பார்க்க வருகிறோம், சோறும் கறியும் கொண்டு வருகிறோம், தொலைபேசியைப் பார்த்தபடி கதிரையில் இருக்கிறோம், போய்விடுகிறோம். அந்த அம்மாவின் கையை ஒரு நாளில் தொடுகிறவை உடை மாற்றும், மருந்து கொடுக்கும், இரத்தம் எடுக்கும் கையுறைகள் மாத்திரமே. அவருடைய தோளை ஒருவர் முழங்கையால் அழுத்த வேண்டியதில்லை என்று அறிந்தால், தாங்கள் அதற்குப் பயிற்சி பெற்றவர்களல்லவே என்ற தயக்கமும் பிள்ளைகளை விட்டு நீங்கும்.

அதற்குப் பெரிய வித்தை ஏதும் வேண்டியதில்லை. கையைக் கழுவிச் சூடாக்கிக்கொண்டு, சிறிது எண்ணெய் எடுத்து, முழங்கையிலிருந்து விரல் வரை உள்ளங்கை முழுதும் படியும்படி ஐந்தாறு வினாடியில் ஒரு தடவையாக நீவினாற் போதும். தோல் மெலிந்தவர்களுக்கு இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புண் உள்ள இடத்தையும், காய்ச்சல் உள்ள நாளையும் தவிர்க்க வேண்டும்; ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடேறியிருந்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக் கூடும் ஆதலால், அதைத் தடவவே கூடாது, தாதியிடம் உடனே சொல்ல வேண்டும். ஒன்ராறியோவின் நெடுங்காலப் பராமரிப்புச் சட்டப்படி அந்த இல்லங்களில் வாழும் ஒவ்வொருவருக்கும் எழுத்திலான பராமரிப்புத் திட்டம் ஒன்று உண்டு. அதைத் தயாரிப்பதில் அவரும் அவருக்காக முடிவெடுக்கும் உறவினரும் பங்குகொள்ளும் உரிமை உடையவர்கள். என்ன உணவு ஆகாது, எத்தனை மணிக்கு மருந்து என்று எழுதப்படும் அந்தத் தாளிலே, இரவு நித்திரைக்கு முன் இரண்டு கைகளையும் பத்து நிமிடம் எண்ணெய் பூசி நீவிவிட வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி அடுத்த பராமரிப்புக் கூட்டத்தில் கேளுங்கள். அதற்கு ஆளில்லை என்று பதில் வருமானால், வாரத்தில் எந்தெந்த நாள் வீட்டிலிருந்து யார் வந்து செய்வார்கள் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.